உடற்காவலரும் உட்பகையும்

எங்கள் பாடசாலையில் முன்னர் இரண்டு ஆசிரியர்கள் ஒருங்கே பணியாற்றினர். ஒருவர் கணிதம் கற்பித்தவர்; மற்றவர் தமிழ் கற்பித்தவர். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஒரே ஆண்டில், சில மாத இடைவெளியில், இருவருக்கும் பெருங்குடலிற் புற்றுநோய் உண்டு என்பது தெரியவந்தது. சத்திரசிகிச்சை செய்து கட்டியை அகற்றினர். நோய் குடற்சுவரைக் கடந்து அயலிலுள்ள நிணநீர்க் கணுக்கள் சிலவற்றை எட்டியுள்ளது, ஈரலை எட்டவில்லை என்றே இருவர் அறிக்கையும் கூறின. இருவரும் பெற்ற மருந்தும் ஒன்றே.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. கணித ஆசிரியர் இன்றும் விடியற்காலையில் எழுந்து தம் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கின்றார். தமிழாசிரியரோ இரண்டு ஆண்டு நிறையுமுன், நோய் ஈரலிற் பரவ, எம்மை விட்டு நீங்கினார். அவருக்காக நடந்த இரங்கற் கூட்டத்திற் பேசிய பெரியவர் ஒருவர் அதனை விதி என்றார். எனக்கும் அன்று வேறு சொல் அகப்படவில்லை.

நான் வைத்தியன் அல்லன். வரலாறும் இலக்கியமும் கற்ற கலைப்பட்டதாரி. ஆயினும், ஒரே நோய், ஒரே படி, ஒரே மருந்து, முடிவு மட்டும் இருவேறாயது எதனால் என்னும் வினா என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிப் படித்தும், அறிந்த வைத்தியர்களை வினவியும் நான் தெரிந்துகொண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். விடை முழுமையானதன்று. ஆனால் அதன் ஒரு பகுதி நோயிடத்தில் இல்லை, நோயைச் சூழ்ந்து நிற்கும் நம் உடற்காவலரிடத்தில் இருக்கின்றது என்பதை விஞ்ஞானிகள் ஐயமறக் காட்டியுள்ளனர்.

முதலில் நோயின் இயல்பை நோக்குவோம். நம் உடல் எண்ணற்ற உயிர்க்கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலமும் தனக்குரிய காலத்திற் பெருகித் தனக்குரிய காலத்தில் மடிவதே ஒழுங்கு. பெருங்குடலின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய படையிலுள்ள ஒரு கலத்தின் பரம்பரையலகுகளிற் பிழை நேர, அது அவ்வொழுங்கை மீறிப் பெருகத் தொடங்குகின்றது. முதலில் அது காளான் முளைபோன்ற சிறு தசைவளர்ச்சியாகத் தோன்றும். அவ்வளர்ச்சிகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒருசில மாத்திரம், பெரும்பாலும் பத்து ஆண்டுகள் அளவிலான நீண்ட காலத்தில், புற்றாக மாறுகின்றன. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடலிலோ நேர்குடலிலோ புற்றுநோய் புதிதாகக் காணப்பட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் பேர் அந்நோயால் இறந்தனர்.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். குடலில் உள்ள கட்டி ஒருவரைக் கொல்வது அரிது. அதனை வெட்டி அகற்றிவிடலாம். கொல்வது அதன் பரவலே. புற்றுக்கலங்கள் குடற்சுவரைத் துளைத்து, நிணநீர்க் குழாய்களிலும் குருதிக் குழாய்களிலும் புகுகின்றன. பெருங்குடலிலிருந்து செல்லும் குருதி, உணவின் சாரத்தைச் சுமந்துகொண்டு, நேரே ஈரலையே அடைகின்றது. ஆதலால் அக்குருதியோடு செல்லும் புற்றுக்கலம் இறங்கும் முதற்றுறை ஈரலாகின்றது. இப்பரவலின் படிகளை 1932ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த கத்பேட் டியூக்ஸ் என்னும் நோயியலறிஞர் நேர்குடற் புற்றுநோய்க்கு வகுத்துக் காட்டினார். சுவருக்குள் அடங்கியது முதற்படி. சுவரைக் கடந்தது இரண்டாம் படி. நிணநீர்க் கணுக்களை எட்டியது மூன்றாம் படி. பின்வந்தோர் அப்பகுப்பை நுணுக்கமாக்கினர். எனினும், நோய் எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதைக் கொண்டே இனி எவ்வளவு தூரம் செல்லும் என்று கணிக்கும் அடிப்படை மாறவில்லை. அக்கணிப்புப் பெரும்பாலும் பொருந்தும்; ஆனால் நான் கூறிய இரு ஆசிரியர்களின் வாழ்விற்போலச் சிலவேளை பொருந்தாது போகும்.

பொருந்தாமைக்குக் காரணம் பற்றிய முதற்குறிப்பு மிகப் பழையது. 1889ஆம் ஆண்டில் ஸ்டீபன் பாஜற் என்னும் ஆங்கிலேயச் சத்திரவைத்தியர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புக்களை ஆராய்ந்தார். நோய் கண்ட கண்ட இடமெல்லாம் பரவவில்லை; ஈரலிற் பலருக்கும் மண்ணீரலில் மிகச் சிலருக்குமே பரவியிருந்தது. ஒரு செடியின் விதைகள் எத்திசையும் சிதறலாம், தக்க மண்ணில் வீழ்ந்தவையே முளைக்கும் என அவர் விளக்கினார். விதையை மட்டும் ஆராய்ந்தாற் போதாது, மண்ணையும் ஆராய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த மண்ணில் உலவும் காவலரே நமது இன்றைய பொருள்.

அக்காவலரை முதலில் அடையாளம் கண்ட வரலாறு சுவையானது. 1882ஆம் ஆண்டில் உருசிய நாட்டு அறிஞரான மெச்னிகோவ், இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவில் மெசினா நகரிற் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் யாவரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட, அவர் தனியே நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, நட்சத்திர மீனின் கண்ணாடிபோன்ற குடம்பிகளை நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் உடலுள் நகர்ந்து திரியும் கலங்கள் பகையை எதிர்க்கும் காவலராக இருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றியது. உடனே தோட்டத்திற் சென்று சிறு முட்களைப் பறித்துவந்து குடம்பியின் தோலுக்குட் செருகி வைத்தார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடிந்ததும் பார்த்தார்: நகரும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்து நின்றன. அயற்பொருளை விழுங்கி அழிக்கும் கலங்கள் உடலில் உள என்னும் உண்மை அவ்வாறு வெளிப்பட்டது. அதற்காக 1908ஆம் ஆண்டில், போல் எர்லிக் என்பவரோடு, அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

இன்று நாம் அறியும் காவலர் பல வகையினர். மெச்னிகோவ் கண்டவற்றைப் போன்று கண்டதை விழுங்கும் பெருவிழுங்கிக் கலங்கள் ஒரு வகை. காயம்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவரும் வெண்குழியங்கள் இன்னொரு வகை. மார்பெலும்பின் பின்னேயுள்ள தைமசுச் சுரப்பியிற் பயின்று வெளிவரும் ரி வகை நிணநீர்க்கலங்கள் மூன்றாம் வகை. இவற்றுட் கொல்லும் தொழிலை மேற்கொண்டவை, பகைக்கலத்தை ஒட்டி நின்று அதன் சவ்வைத் துளைத்து, உள்ளே நஞ்சு போன்ற புரதங்களைச் செலுத்தி அதனை மடியச் செய்கின்றன. ஒருமுறை கண்ட பகையை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும் கலங்களும் இவ்வினத்தில் உண்டு. வேறு சில, சண்டை அளவு மீறாதபடி ஏனையவற்றை அடக்குகின்றன.

திருவள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். உட்பகையின் கொடுமை, அது உறவின் முகத்தோடு உடனிருப்பதே. புற்றுக்கலமும் அத்தகையது. அது வெளியிலிருந்து வந்த கிருமி அன்று. நம் உடலிற் பிறந்த கலம். எனினும் பிழைபட்ட பரம்பரையலகுகள் பிழைபட்ட புரதங்களை ஆக்குதலால், அதன் மேற்பரப்பில் அயல் அடையாளங்கள் சில தோன்றுகின்றன. அவ்வடையாளத்தைக் கண்டுகொள்ளும் ரி கலம் கட்டியினுள் நுழைகின்றது. கண்டுகொள்ளாதவிடத்து, கட்டி காவலற்ற நிலத்திற் பரவும் பயிராகின்றது.

இதனை வெறுங் கருத்தாக விடாது எண்ணிக் காட்டியவர்கள் பாரிஸ் நகர ஆராய்ச்சியாளர். ஜெரோம் கலோன் என்பவரும் அவர்தம் குழுவினரும் 2005ஆம் ஆண்டில் 959 நோயாளரிடமிருந்து அகற்றப்பட்ட பெருங்குடற் கட்டிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். நோய் பரவத் தொடங்கும்போது அதன் முதற்சுவடு மூன்று இடங்களிற் காணப்படும்: சிறு குருதிக் குழாய்களின் உள்ளே, நிணநீர்க் குழாய்களின் உள்ளே, நரம்புகளைச் சுற்றியுள்ள உறையில். இச்சுவடுகள் இல்லாத கட்டிகளில் ரி வகைக் கலங்கள், அவற்றுள்ளும் நினைவாற்றல் பெற்ற கலங்கள், மிகுதியாக நின்றன. சுவடுகள் காணப்பட்ட கட்டிகளில் அவை அருகியிருந்தன. அதாவது, காவலர் செறிந்த இடத்தில் உட்பகைக்கு வாயில் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டில் அக்குழுவினர் இன்னொரு நுட்பத்தையும் கூறினர். காவலர் எத்தனை பேர் என்பதோடு, எந்த வகையினர், எங்கே நிற்கின்றனர் என்பனவும் முக்கியமானவை. கட்டியின் நடுவிலும், கட்டி நல்ல இழையத்தோடு பொருதும் எல்லையிலும், ஈரிடத்தும் அவர்கள் செறிந்து நின்றாலே நோயாளர் நெடுநாள் வாழ்ந்தனர். இதைப் பிறநாட்டாரும் சோதித்தல் வேண்டுமன்றோ? 13 நாடுகளைச் சேர்ந்த 14 நிலையங்கள் ஒன்றுகூடி, 2681 நோயாளரின் கட்டிகளை ஒரே முறையில் எண்ணிய முடிவு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் முதற்பிரிவாக ஆராயப்பட்ட 700 பேரை நோக்குங்கள். காவலர் செறிந்திருந்தோருள் ஐந்து ஆண்டுகளுள் நோய் திரும்பியது நூற்றுக்கு 8 பேருக்கு. இடைநிலையினருள் 19 பேருக்கு. காவலர் அருகியிருந்தோருள் 32 பேருக்கு. ஏனைய பிரிவினரை ஆராய்ந்தபோதும் இதே போக்கே புலப்பட்டது. என் நண்பர் இருவரின் அறிக்கைகளில் இவ்வெண்ணிக்கை இருக்கவில்லை. அக்காலத்தில் அதனை எண்ணும் வழக்கமும் இல்லை. ஆகவே அவர்களுக்கு நேர்ந்தது இதுவே என்று நான் துணிந்து கூறேன். ஆயினும் விதி என்ற ஒரு சொல்லால் மூடிவைத்த பெட்டி இப்போது சிறிது திறந்திருக்கின்றது.

இனி, காவலரைத் தாண்டிக் குருதியில் இறங்கிவிட்ட புற்றுக்கலத்தின் நிலை யாது? அங்கும் அதற்கு இடர் பலவே. ஈரலின் நுண்ணிய குருதிப் பாதைகளின் ஓரத்தில், குப்பர் கலங்கள் எனப்படும் பெருவிழுங்கிகள் சுங்கச்சாவடிக் காவலர்போல அமர்ந்து, வரும் குருதியைச் சோதிக்கின்றன. இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்பனவும் அங்கே மிகுதி. குருதியில் இறங்கும் புற்றுக்கலங்களுள் மிகச் சிலவே பிழைத்து வேரூன்றுவதற்கு இக்காவலும் ஒரு காரணமாகும்.

இதுவரை கூறியதைக் கேட்டோர், உடற்காவலர் என்றும் நம் பக்கத்தினரே என்று எண்ணக்கூடும். உண்மை அவ்வளவு எளிதன்று. பண்டைப் போரிற் கோட்டையைக் காப்போர் நொச்சிப் பூவும், அதனை முற்றுகையிடுவோர் உழிஞைப் பூவும் சூடுவர் என நம் புறப்பொருள் இலக்கணம் கூறும். நொச்சி சூடி நின்றவனே சிறிது நேரத்தில் உழிஞை சூடி மதிலேறினால் கோட்டையின் கதி என்னாகும்? புற்றுநோயில் நேர்வது இதுவே.

பெருவிழுங்கிக் கலத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு தொழில்கள் உண்டு. ஒன்று பகையை அழித்தல். மற்றையது சண்டை முடிந்தபின் புண்ணை ஆற்றல். புண்ணை ஆற்றுதற்கு அது பழுதுபட்ட இழையத்தைக் கரைக்கும், புதிய குருதிக் குழாய்களை முளைக்கச் செய்யும், சண்டையிடும் ரி கலங்களை அமைதிப்படுத்தும். வெட்டுக்காயத்தில் இவை யாவும் நன்மையே. ஆனால் கட்டியானது சில இரசாயனச் செய்திகளை விடுத்து, இது போர்க்களம் அன்று, ஆறவேண்டிய புண் என்று பெருவிழுங்கியை நம்பவைக்கின்றது. அது உடனே கரைக்கின்றது. புற்றுக்கலத்துக்கு வழி பிறக்கின்றது. குழாய் வளர்க்கின்றது, கட்டிக்கு உணவு கிடைக்கின்றது. ரி கலங்களை அடக்குகின்றது, காவல் தளர்கின்றது. எல்லாக் கட்டிகளிலும் பெருவிழுங்கிகள் இவ்வாறு மாறுவதில்லை. சிலரது கட்டியில் அவை உண்மைக் காவலராகவே நிற்கின்றன. ஆதலின் அவற்றை எண்ணுவதனால் மட்டும் பயனில்லை, அவை எந்தப் பூச் சூடியுள்ளன என்றும் அறிதல் வேண்டும்.

முதலில் ஓடிவரும் வெண்குழியங்களிலும் இத்தகைய இருமை உண்டு. கிருமிகளைப் பிடித்தற்பொருட்டு அவை தம் உட்கருவின் இழைகளையே வலைபோல வெளியே வீசுவதுண்டு. அந்த வலை ஈரலிற் புற்றுக்கலங்களைச் சிக்கவைத்து, அவை அங்கேயே தங்கி வளர இடந்தருவதை எலிகளிற் கண்டுள்ளனர். கள்ளனைப் பிடிக்க விரித்த வலை கள்ளனுக்குத் தொட்டிலாயிற்று.

கட்டி விடுக்கும் செய்திகளுட் கொடியது ஒன்றைப் பார்சலோனா நகர ஆராய்ச்சியாளர் 2018ஆம் ஆண்டில் எலிகளிற் காட்டினர். உருமாற்ற வளர்ச்சிக் காரணி எனப் பெயர்பெற்ற ஒரு புரதம், கட்டியைச் சூழ்ந்த இழையத்தில் மிகுந்திருந்தபோது, ரி கலங்கள் உள்ளே நுழையவும் கொல்லும் வலிமை பெறவும் இயலாது வெளியே நின்றன. நோய் ஈரலிற் பரவிற்று. அப்புரதத்தின் செயலை மருந்தினால் மறித்தபோது ரி கலங்கள் உட்புகுந்தன, பரவல் தடைப்பட்டது. எலியிற் கண்டது மனிதரில் அப்படியே நிகழும் என்பதில்லை. ஆயினும், காவலர் வராமைக்குக் காரணம் அவர்தம் வலியின்மை அன்று, அவர்களைத் தடுக்கும் கட்டளையே என்பது இதனாற் புலப்படுகின்றது.

தடுக்கும் கட்டளையை நீக்கலாமோ என்னும் வினாவுக்கு மனிதரிடத்திலேயே விடை கிடைத்துள்ளது. ரி கலத்தின் மேற்பரப்பிலே, வண்டியின் தடைக்கட்டை போன்று அதன் வேகத்தை அடக்கும் புரதங்கள் உண்டு. யப்பானிய அறிஞர் தசுக்கு ஹொன்ஜோவின் ஆய்வுகூடத்தார் 1992ஆம் ஆண்டிற் கண்டறிந்த பி.டி.1 அவற்றுள் ஒன்று. வேறொரு தடையை அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் அலிசன் ஆராய்ந்தார். தடையை நீக்கினாற் காவலர் மீளவும் போரிடுவர் என நிறுவியமைக்காக இருவருக்கும் 2018ஆம் ஆண்டில் நொபெல் பரிசு அளிக்கப்பட்டது.

பெருங்குடற் புற்றுநோயில் இம்மருந்துகள் எல்லார்க்கும் பயன் தருவதில்லை. கலம் இரண்டாகும்போது பரம்பரைச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகின்றது. படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்கெனப் புரதங்கள் உண்டு. நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் கட்டியில் இத்திருத்தம் கெட்டிருக்கும். பிழை மலிய மலிய அயல் அடையாளங்களும் மலியும். காவலரும் திரண்டு வருவர். இவ்வகைக் கட்டி, பரவிய நிலையில் உள்ள நோயாளரிடையே நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரிடமே காணப்படுவது, காவலர் பரவலைத் தடுக்கின்றனர் என்பதற்கு இன்னொரு சான்றாகக் கொள்ளத்தக்கது. 2022ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் இவ்வகை நேர்குடற் புற்றுநோய் கண்ட 12 பேருக்குத் தடைநீக்கும் மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்தனர். சத்திரசிகிச்சையோ கதிர்ச்சிகிச்சையோ இன்றி, 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாது மறைந்தது. நெதர்லாந்தில் இவ்வகைப் பெருங்குடற் புற்றுநோயாளர் 111 பேருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் சில வாரங்கள் இத்தகைய மருந்துகள் இரண்டைக் கொடுத்தனர். 75 பேரின் வெட்டியெடுத்த குடலில் உயிருள்ள புற்றுக்கலம் ஒன்றேனும் காணப்படவில்லை என 2024ஆம் ஆண்டில் அறிவித்தனர். எஞ்சிய பெரும்பான்மையோரின் கட்டிகளிற் காவலரை எவ்வாறு உட்புகுத்துவது என்பதே இன்றைய ஆராய்ச்சியின் பெரும் பணியாக உள்ளது.

நேயர்களே, இவ்வறிவினின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. முதலாவது ஓர் எச்சரிக்கை. உடலின் எதிர்ப்பாற்றலைப் பெருக்கிப் புற்றுநோயை ஓட்டும் எனக் கூறிச் சூரணமும் பானமும் விற்போர் பலர். காவலரைப் பொதுவாகப் பெருக்குவதனாற் பயனில்லை என்பதை இதுவரை கண்டோம். எவ்வகையினர், எங்கே நிற்கின்றனர், யாருடைய கட்டளையைக் கேட்கின்றனர் என்பனவே பொருளாவன. அதனைத் திருத்துவது கடைச்சரக்கினால் ஆகும் காரியமன்று. அத்தகைய சரக்கை நம்பி வைத்தியரிடம் செல்லக் காலந்தாழ்த்துவது உயிருக்கே கேடாக முடியும்.

இரண்டாவதைச் சொல்ல எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. சொல்லாமல் விட்டால் இப்பேச்சு வீணாகும். என் நண்பர் இருவரும் மலத்தோடு இரத்தம் செல்வதைப் பல மாதங்களாகக் கண்டிருந்தனர். மூலவியாதி என்று தாமே முடிவு செய்துகொண்டனர். தமிழாசிரியர் மனைவியிடமும் சொல்லவில்லை. நாட்தோறும் என் அருகில் அமர்ந்து தேநீர் பருகியவர், என்னிடமும் சொல்லவில்லை. ஆயிரம் மாணாக்கர் முன் நாணாது பேசிய நாவுக்கு இந்த ஒன்றைப் பேச நாணமாயிருந்தது. கட்டி குடற்சுவருக்குள் அடங்கியிருந்த காலத்தில் இருவரும் சென்றிருந்தால், அவரவர் காவலர் வல்லரா, மெல்லியரா என்னும் வினாவே பெரும்பாலும் எழுந்திராது. சிறு வளர்ச்சியாக இருந்த காலத்திலாயின், குழாய்க் கருவியாற் குடலின் உட்புறத்தைப் பார்வையிடும்போதே அதனை அகற்றியிருக்கலாம்.

மலத்தில் இரத்தம், மலங்கழிக்கும் வழக்கத்திற் சில வாரங்களாகத் தொடரும் மாற்றம், காரணந் தெரியாத இரத்தச்சோகை, காரணமின்றி உடல் மெலிதல் என்பவற்றுள் எது காணப்பட்டாலும் வைத்தியரிடம் செல்லுங்கள். அவற்றுட் பல வேறு எளிய காரணங்களால் வந்தனவாகவே முடியும். அப்போது நிம்மதியோடு வீடு திரும்பலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் வந்திருப்பின் ஏனையோர் குறி தோன்றும்வரை காத்திராமல் வைத்தியரின் ஆலோசனை பெறுதல் நன்று.

கணித ஆசிரியரைச் சென்ற மாதம் கண்டேன். தமக்கு ஏன் வாழ்வு நீண்டது என்று தெரியவில்லை என்றார். நான் இங்கே கூறியவற்றை அவருக்கும் கூறினேன். சிறிது நேரம் வாளாவிருந்துவிட்டு, "ஐயா, இதைத் தமிழ் வாத்தியாருக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்," என்றார். அவருக்குச் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொன்னேன்.